படலையடியில் ஏற்றிய கற்பூரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றை எழுதப் போய் இன்னொன்றுக்குள் நுழைந்துவிடுவேன். மறதியும் கூடிவிட்டது. சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் எங்கள் மூத்தோர் கூட்டத்தில், இந்த நாட்டில் உங்களுக்கு நடந்த ஒன்றை எழுதித் தாருங்கள், கையெழுத்து மலராகக் கட்டுவோம் என்றார்கள். மற்றவர்கள் கோயில் திருவிழா, பேரப்பிள்ளையின் பட்டமளிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறப்பதே குறைவு. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். என்னிடம் எழுத ஒன்றுதான் இருக்கிறது. நான் ஒரு மனிதனின் தலையில் தேங்காயால் அடித்தேன்.

அந்த மனிதன் வருகிற மாதம் நீதிமன்றத்துக்குப் போகிறான். அவன் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி என்னிடம் இருக்கிறது.

என் மகள் எட்டு வருடம் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்தவள். அங்கேதான் கிறவல் சைக்கிள், அதாவது சரளைக்கல் ரோட்டில் ஓடுகிற சைக்கிள், பழகினாள். பார்த்தால் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும், கைபிடி கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். ஆனால் ரயர் தடிப்பு, பல்லு வைத்தது. தார் ரோட்டிலும் ஓடும், கல்லிலும் ஓடும். முதன்முதல் அவள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிறவல் ரோட்டைத் தேடிப் போய் ஓடுற ஆக்களும் இருக்கினமோ, பிள்ளை? நாங்கள் தார் போடச் சொல்லி எல்லோ பெற்றிசம் எழுதினனாங்கள்."

"நீங்கள் வந்து பாருங்கோ அம்மா, பிறகு சிரியுங்கோ" என்றாள்.

நான் போகவில்லை, படங்கள்தான் பார்த்தேன். வேலிக்குப் பதில் முள்பற்றை. இரண்டு பற்றைக்கு நடுவில் ஓர் ஆள் போகும் அகலத்தில் கல்லுப் பாதை. அது ஆட்டுப் பட்டிக்குள்ளால் போகும், கோதுமை வயலுக்குள்ளால் போகும், யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தைத் தொட்டுக்கொண்டும் போகும். நிலம் ஒருவருடையது, பாதை எல்லாருடையது. வரைபடத்தில் அதற்கென்று கோடு போட்டிருந்தால் குதிரைக்காரரும் போகலாம், சைக்கிள்காரரும் போகலாம். திறந்த படலையைப் பின்னால் சாத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எதிரே டிராக்டரில் வரும் கமக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். அதுதான் அங்கே வணக்கம். இவளும் கையைத் தூக்குவாள்.

சிட்னிக்கு வந்த பிறகு அவளுக்கு அந்த வணக்கம் கிடைக்கவில்லை. தார் ரோட்டில் போனால், பின்னால் திறந்த பெட்டி வைத்த யூட் என்கிற வாகனங்களில் வருகிறவர்கள் உரசிக்கொண்டு போவார்கள். ஒருநாள் ஒருவன் யன்னலால் கையை நீட்டி அவள் முதுகில் அறைந்துவிட்டுப் போனான். அவள் ரோட்டோர வாய்க்காலுக்குள் விழுந்து, முழங்கை கிழிந்து வந்தாள். நான் மஞ்சள் போடப் போக, "அம்மா, நான் நேர்ஸ்" என்று தட்டிவிட்டாள். இன்னொரு நாள் பியர்ப் போத்தல் வந்தது. அது தலையில் பட்டு, ஹெல்மெட் வெடித்தது. அதற்குப் பிறகுதான், இனித் தார் ரோட்டே வேண்டாம், ஊருக்கு வெளியே கிறவல் பாதைகளில் மட்டும் ஓடுவேன் என்று முடிவெடுத்தாள்.

அங்கேயும் அடிதான். அவளோடு சேர்ந்து ஓடுகிறவள் ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. சண்டைக்கும் பகிடிக்கும் குறைவில்லாதவள். செப்டம்பர் மாதத்தில் மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை முட்டை இட்டிருக்கும், அந்தப் பக்கம் சைக்கிளில் யார் போனாலும் பின்னால் வந்து கொத்தும். அது இந்தப் பிள்ளையின் காதைக் கொத்தி இரத்தம் வழிய, அவள் கண் மறைந்து ஒரு கற்குவியலில் போய் மோதினாள். இடது முழங்காலில் பதினொரு தையல். அப்போதும் படுக்கையில் கிடந்துகொண்டு, "எங்க மாமியார்கூட முன்னாடி வந்துதான் திட்டுவாங்க ஆன்ட்டி, இது பின்னாடி வந்து கொத்துது" என்றாள்.

இனி என்னுடைய பங்கு. மகள் இங்கே புதுச் சைக்கிள் வாங்கியபோது அதை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கார்கள் நிற்கும் வரிசையில் அதையும் நிறுத்தி, முன் சில்லுக்கு ஒன்று, பின் சில்லுக்கு ஒன்று என்று தேசிக்காய் வைத்து நசுக்கி, ஐயர் தேங்காய் உடைத்தார். போத்தல் எறிந்த பிறகு நான் அதோடு நிற்கவில்லை. அவள் புதிதாக ஒரு பாதை தொடங்கும் ஒவ்வொரு முறையும் நானும் காரில் போவேன். தொடங்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்தி, குடுமி வைத்த தேங்காயை மூன்று தரம் சுற்றி, கல்லில் அடித்து உடைப்பேன். மகள் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பாள். ஆனால் உடைக்கும் வரை போகமாட்டாள்.

அந்த வருடம் இங்கிலாந்தின் கோடைக்கு அவள் திரும்பிப் போவதாக இருந்தாள். அங்கே கூட வேலை செய்த மூன்று பெண்களோடு நாலு நாள் கிறவல் ஓட்டம். அந்தப் பாதையின் படம் எங்கள் குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஓர் ஆற்றங்கரையில் தொடங்கி, மலை ஏறி இறங்கி, கடலில் முடிகிற ஒரு நெளிந்த கோடு. விவாகரத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் காரியம் அது. அதற்குப் பழகத்தான் இங்கே கிழமைக்குக் கிழமை ஓடினாள்.

அன்று பாத்தர்ஸ்ற் பக்கம் போனோம். மாசி மாதம், காற்று அடுப்பு வாய் போல. கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு இடது கால் இன்னும் சரியாக மடங்காததால் அவள் சைக்கிளை விட்டுக் கார் ஓட்டினாள். வழியில் ரோட்டோரம் அரைவட்டப் பலகை நின்றது. அன்றைக்குக் காட்டுத்தீ அபாயம் எவ்வளவு என்று காட்டும் பலகை. முள் செம்மஞ்சளில் நின்றது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் நிறம் தெரியும்.

மகளும் சொன்னாள். "இண்டைக்கு ஃபயர் பான். ஒருத்தரும் வெளியில நெருப்பு மூட்டக்கூடாது. சிகரெட்டும் கூடாது."

"நம்ம மூணு பேர்ல யாருடி சிகரெட் பிடிக்கிறா?" என்றாள் மற்றவள். "ஆன்ட்டி, நீங்களா?"

நானும் சிரித்தேன். என் மடியில் பை இருந்தது. பைக்குள் தேங்காய், கற்பூரம், நெருப்புப்பெட்டி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. கற்பூரத்தை நான் நெருப்பு என்று நினைத்ததில்லை. அது சாமிக்கு.

மகள் தொலைபேசியில் வரைந்து வைத்திருந்த பாதை ஒரு பண்ணைப் படலைக்கு வந்தது. வரைபடத்தில் அதற்குள்ளால் புள்ளிக் கோடு போய், மறுபக்கத்தில் இன்னொரு கிறவல் ரோட்டில் சேர்ந்தது. படலையில் பூட்டு இல்லை, ஒரு சங்கிலியை ஆணியில் கொழுவியிருந்தது.

"இது யாரோட இடமோ?" என்றாள் கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"கோடு இருக்கெல்லோ. கேற்றைச் சாத்திப்போட்டுப் போனால் சரி" என்றாள் மகள். அவள் மனதில் இங்கிலாந்துதான் இருந்தது.

அன்றைக்கு என் மகள் தேங்காய் உடைக்கும் வரை நிற்கவில்லை. காற்று ஏறுவதற்கு முன் ஓடிவிட வேண்டும் என்று, "நீங்கள் உடையுங்கோ அம்மா, நான் போட்டு வாறன்" என்று படலையைத் திறந்து உள்ளே போய், ஒழுங்காகச் சாத்திவிட்டு மிதித்தாள். காய்ந்த புல்வெளிக்கு நடுவே வெள்ளைக் கிறவல். அவள் பின்னால் தூசு எழும்பியது.

நான் படலைத் தூணின் தட்டையான தலையில் இரண்டு கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. தேங்காயைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்றுக்கு முன் காற்று கற்பூரத்தைத் தட்டி விழுத்தியது.

புல் எரிவது சத்தமாக எரியும். பொரியலில் கடுகு வெடிக்கிற மாதிரி. ஒரு பாய் அளவு, பிறகு இரண்டு பாய் அளவு. காரில் ஏறப்போன கோயம்புத்தூர்ப் பிள்ளை திரும்பிப் பார்த்து, "அய்யோ ஆன்ட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். மடங்காத காலால் மிதித்தாள், தண்ணீர்க் கான் முழுவதையும் ஊற்றினாள், காரின் தரைவிரிப்பை இழுத்து அடித்தாள். நான் செருப்போடு மிதித்தேன். என் சேலை ஓரம் பொசுங்கியது. காற்று அந்த நிமிடம் கொஞ்சம் அடங்கியது, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நெருப்பு செத்துவிட்டது. ஆனால் புகை எழும்பிவிட்டது.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு யூட் வந்தது. பாதையில் வரவில்லை, புல்வெளிக்குள் நேரே வெட்டிக்கொண்டு வந்தது. அது புகையைப் பார்த்து எங்களிடம்தான் வருகிறது என்று நினைத்தேன். நடுவில் என் மகள் இருந்தாள். படலையிலிருந்து ஒரு நூற்றைம்பது அடி இருக்கும். போனவள் எங்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

யூட்டைக் கண்டதும் அவள் கையைத் தூக்கினாள், இங்கிலாந்தில் தூக்குகிற மாதிரி.

அவன் நிறுத்தவில்லை. முன்னால் வைத்த இரும்புக் குழாயால் சைக்கிளை மோதினான். அவள் பக்கத்தில் பாய்ந்து விழுந்தாள். சைக்கிள் சில்லுக்குக் கீழே போய், தகரம் நெரிகிற சத்தம் வந்தது. அவன் இறங்கி ஓடிவந்து, அவளுடைய ஹெல்மெட் பட்டியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, அவளை அப்படியே தூக்கி உலுக்கினான். "ஃபயர்! ஃபயர்!" என்று கத்தினான். வேறு என்னவெல்லாமோ கத்தினான், எனக்கு விளங்கியது அந்த ஒரு சொல்தான். அவளுடைய ஒரு கை, இருக்கக்கூடாத பக்கத்துக்குத் திரும்பித் தொங்கியது. அவள் முகம் நீலமாகிக்கொண்டு வந்தது.

எழுபத்துநான்கு வயதில் நான் ஓடினேன். படலையை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. அவனுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது தேங்காய் இன்னும் கையில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, படியில் உடைக்கிற மாதிரியே அவனுடைய காதுக்கு மேலே அடித்தேன். அவன் தொப்பி பறந்தது. கை விடவில்லை. மறுபடி அடித்தேன். இரண்டாவது அடிக்குக் கையை விட்டு முழங்காலில் விழுந்தான். இரத்தம் கழுத்தால் இறங்கி சட்டைக்குள் போனது. தேங்காய் உடையவில்லை.

மூன்றாவது அடிக்கும் ஓங்கினேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையே பொய். அவன் விழுந்த பிறகு, கையை விட்ட பிறகு, நான் ஓங்கினேன். எனக்கு அது இனித்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும் ஆன்ட்டி, செத்துருவான்" என்றாள்.

மகள் மண்ணில் கிடந்து மூச்சை இழுத்தாள். இழுத்து, விட்டு, இருமினாள். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் நான் அந்த மனிதனைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். வலது கை முழங்கைக்குக் கீழே தோல் மினுங்கியது, சுருங்கி, மெழுகு வடிந்து காய்ந்தது போல. அந்தப் பக்கக் காது பாதிதான் இருந்தது. நெருப்புப் பட்ட தோலை எனக்கு அடையாளம் தெரியும். ஊரில் சண்டை நடந்து குண்டு விழுந்த நாட்களில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். அவன் எங்களைப் பார்க்கவில்லை. படலையடியில் இருந்த கறுப்புத் திட்டையே பார்த்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"முன்னாடி வந்த தீயில மாடெல்லாம் வெந்து போச்சாம் ஆன்ட்டி. சாகாம கிடந்ததை எல்லாம் இவரே துப்பாக்கியால ஒண்ணொண்ணா சுட்டாராம். மறுபடியும் அதே தீ வந்துடுச்சுன்னு நினைச்சாராம்."

அம்புலன்ஸும் பொலிஸும் வருவதற்குள் மகள் எங்கள் இருவரையும் கிட்டக் கூப்பிட்டாள். கை முறிந்த வலியிலும் அவள் குரல் தெளிவாக இருந்தது. "கற்பூரம் எண்ட கதையே வேண்டாம். ஃபயர் பான் நாளில அது பெரிய குற்றம். ரோட்டால போன யாரோ சிகரெட் போட்டிருக்கினம், நாங்கள் அணைச்சனாங்கள். விளங்கிச்சோ?"

விளங்கியது. பொலிஸ் பெண் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து என்னிடம் தந்தார். நல்ல மரியாதையான குரல். "அம்மா, தீ எப்படிப் பிடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க."

நான் "தெரியாது" என்றேன். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கிழவியிடம் யார் அதிகம் கேட்கப் போகிறார்கள்?

அவன் தலைக் காயத்துக்கு என்ன சொன்னான் தெரியுமா? யூட்டின் இரும்புக் குழாயில் தானே விழுந்து அடித்துக்கொண்டதாகச் சொன்னான். வெட்கத்தாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: இவர்கள் நெருப்பு வைத்தார்கள். அதைப் பொலிஸ் எழுதிக்கொண்டது. ஆனால் எங்கள் மூன்று பேருடைய சொல்லுக்கு முன்னால் அவனுடைய ஒரு சொல்.

மகளுக்குத் தோள்மூட்டு எலும்பில் தகடு வைத்தார்கள். இங்கிலாந்து ஓட்டம் போய்விட்டது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த படத்தை அவளே ஒரு கையால் உரித்தெடுத்தாள். ஒரு மூலை கிழிந்து கதவிலேயே ஒட்டிக் கிடக்கிறது. நான் அதைச் சுரண்டவில்லை.

தேங்காயை நான் காரிலிருந்து எடுத்து வந்து குசினித் தொட்டிக்குக் கீழே வைத்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை வரும்போதெல்லாம், "ஆன்ட்டி, உங்களை ஆஸ்திரேலியா டீம்ல எடுத்திருக்கணும்" என்று பகிடி விடுவாள். ஆனால் அதை எடுத்துச் சட்னி அரைக்கவா என்று அவளும் கேட்கவில்லை.

போன கிழமை, வழக்கு நாள் வந்த கடிதத்தை மகள் மேசையில் வைத்தபோது நான் சொன்னேன்.

"பிள்ளை, நான் உள்ளதை எழுதிக் குடுக்கப் போறன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மறதிக்காரி என்றாலும்.

"அவன் என்னைக் கொல்ல வந்தவன், அம்மா. அவனுக்கு நீங்கள் சாட்சி சொல்லப் போறியளோ?"

"அவன் உன்னைக் கொல்ல வந்தவன்தான். அதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்ல. நெருப்பு வைச்சது நான். அதை எல்லாரும் இல்லையெண்டு சொல்லினம்."

"உங்களைப் பிடிப்பினம். என்னையும் பொய் சொன்னதுக்குப் பிடிப்பினம். என்ர வேலை போகும். தெரியுமோ?"

"ஓம்."

"ஓமோ? அவ்வளவுதானோ?" நல்ல கையால் கதிரையைத் தள்ளி விழுத்தினாள். "என்ர கழுத்தில அவன்ர விரல் அடையாளம் ஒரு மாசம் கிடந்தது. நீங்கள்தான் எண்ணெய் பூசினனீங்கள்!"

நான்தான் பூசினேன். நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மறுபக்கம். ஒவ்வொரு நாள் பூசும்போதும் அவனை மறுபடி அடிக்கத்தான் கை உன்னியது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, போகவில்லை. அவன் செய்ததற்கு அவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் அவன் பைத்தியக்காரன், இல்லாத பழியை எங்கள் மேல் போட்டவன் என்று சொல்லி அல்ல. அந்தப் பழி உண்மை; நெருப்பு நான் வைத்தது. என் மகளுடைய கை முறிந்ததில் என் கையும் இருக்கிறது. அவள் மறைக்கச் சொல்வது என்னைக் காப்பாற்ற என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளைக் காப்பாற்ற என்று கொண்டுபோன கற்பூரம்தான் அவளை அந்த மனிதனின் கையில் கொடுத்தது.

மகள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நேற்றுக் காலை அந்தக் கதிரையில் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, "எழுதுறதெண்டால் சரியா எழுதுங்கோ. அரைகுறையா எழுதி அதையும் கெடுக்காதேங்கோ" என்றாள். சம்மதமா, கோபமா என்று நான் கேட்கவில்லை. அன்றே எழுதத் தொடங்கினேன்.

ஆகவே, கூட்டத்தில் எங்கள் எழுத்தைத் திருத்துகிற தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். இதை மலரில் போடுவதும் விடுவதும் பிறகு. முதலில் விபரங்களைச் சரிபார்க்க வேண்டும். கற்பூரம் தூணுக்கு உள்பக்கம் விழுந்ததா, ரோட்டுப் பக்கம் விழுந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பிள்ளை உள்ளே என்கிறாள். நூற்றைம்பது அடி என்று எழுதியதும் என் கண் கணக்குத்தான், கூடவோ குறையவோ இருக்கலாம். அவளிடமும் என் மகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் இரண்டு தரம் அடித்தேன், மூன்றாவது தரம் ஓங்கினேன் என்பதை மட்டும் மாற்ற வேண்டாம். பிறகு பொலிஸுக்குக் கொடுக்க இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். தேங்காய் தேவையென்றால் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது.